மூன்று மழைக்காலம் பூட்டிக் கிடந்த ஊர் அருங்காட்சியகம்: திறப்பதற்கு முன் எங்கிருந்து தொடங்குவது?

ஊர்க்காப்பகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உள் மாவட்டப் பேரூர் ஒன்றில் வரலாற்று மன்றம் நடத்தும் சிறிய அருங்காட்சியகம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூட்டியது, இப்போதுதான் சாவி புதிய குழுவின் கைக்கு வந்திருக்கிறது. மங்களூர் ஓட்டுக் கட்டடம், மூன்று அறை, பதிவேட்டின்படி நானூறுக்குச் சற்று மேல் பொருள்கள். மே 18 உலக அருங்காட்சியக நாளன்று திறக்க ஆசை. கையில் பத்து வாரம் இருக்கிறது.

கதவைத் திறந்து பார்த்த அளவில் நிலவரம் இது:

முதல் அறையில் முதுமக்கள் தாழி 3, கருப்பு சிவப்புப் பானைகள், ஓடுகள். தாழிகளின் அடிப்பாகத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது.

இரண்டாம் அறையில் ஓலைச்சுவடி 60 கட்டு, பழைய பத்திரங்கள், சட்டம் போட்ட புகைப்படங்கள். மூலையில் ஓடு உடைந்து நீர் இறங்கிய தடம். மர பீரோவுக்குப் பின்னால் சுவரில் கரையான் மண்கோடு.

மூன்றாம் அறையில் செப்புக் காசுகள், வாள் 2, மரக்கால், படி, உழக்கு, கமலைச் சாமான்கள். வெளவால் எச்சம் தரையெல்லாம்.

முற்றத்தில் நடுகல் 2.

இன்னொன்று: பூட்டுவதற்கு முன் எல்லா அறையிலும் ஹைப்போகுளோரைட் கரைசலைத் தெளிப்பானில் அடித்திருக்கிறார்கள், காட்சிப்பெட்டிகள் மேலும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை பத்து பேர் துடைப்பமும் வாளியுமாக வரத் தயார். அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது?

---

பேரேடு எழுதியது:

அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப் போடுங்கள். துடைப்பம் கடைசியாகத்தான் உள்ளே போக வேண்டும். பத்து பேர் சேர்ந்து பெருக்கித் துடைத்தால் இரண்டு மணி நேரத்தில் அறை பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் எந்தப் பொடி எந்தப் பொருளின் கீழ் கிடந்தது, எந்தச் சீட்டு எதிலிருந்து உதிர்ந்தது என்ற தகவல் குப்பையோடு போய்விடும். தரையில் கிடக்கும் எண் எழுதிய ஒரு சீட்டைத் தொலைத்தால், அந்தப் பொருள் எந்த ஊரில் யார் நிலத்தில் கிடைத்தது என்பதும் அதோடு தொலையும்.

முதல் நாள் இரண்டு பேர் போதும். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, டார்ச், கேமரா. ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும், ஒவ்வொரு பெட்டியையும் திறக்காமலேயே படம் எடுங்கள். எதையும் நகர்த்த வேண்டாம். ஓட்டுக் கட்டடம் மூன்று வருடம் பூட்டிக் கிடந்திருக்கிறது, பாம்பு இருக்கலாம். பீரோ அடியில் கை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மின்சாரத்தை மெயினில் தட்டிப் போட்டுவிடாதீர்கள். எலி கடித்த வயர் ஓட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. எலக்ட்ரீஷியனை வைத்து மெக்கர் (வயரின் காப்பு கெட்டிருக்கிறதா என்று சோதிக்கும் கருவி) பார்த்துவிட்டு, எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் அறையில் நின்று மோந்து பாருங்கள். பழைய ட்யூப்லைட் சோக்குகளைக் கழற்றி எல்.ஈ.டி. போட்டுவிடலாம். பெட்டிக்குள் விளக்கு இருந்தால் அதை வெளியே கொண்டுவந்துவிடுங்கள், உள்ளே சூடு ஏறக்கூடாது. தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்கிறதா, கடைசியாகச் சோதித்த தேதி என்ன என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

உடைந்த ஓட்டை அந்த வாரமே மாற்றுங்கள். சித்திரையில் கோடை மழை ஒரு தட்டு தட்டினால் மற்ற எல்லா வேலையும் வீண்.

வெளவால் எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கவே கூடாது. அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சை வித்து நுரையீரலுக்குப் போகும். பொருள்கள் மேல் படாமல் தண்ணீரைப் பனிபோலத் தெளித்து, நனைந்ததும் அட்டையால் வழித்துப் பையில் கட்டுங்கள். ஓட்டைகளை அந்தி சாய்ந்து வெளவால்கள் வெளியே போன பிறகு அடையுங்கள். பறக்காத குட்டி உள்ளே இருக்கும்போது அடைத்தால் அது கூரைக்குள்ளேயே செத்து, அந்த உடலுக்கு வரும் தோல் வண்டு பிறகு உங்கள் தோல் சாமான்களுக்கு வரும். கமலையில் தோல் வால் இருந்தால் முதல் இரை அதுதான்.

அதற்குப் பிறகுதான் சரிபார்ப்பு. இரண்டு திசையிலும் செய்ய வேண்டும். பதிவேட்டைப் பார்த்துப் பொருளைத் தேடுவது ஒன்று. பொருளைப் பார்த்துப் பதிவேட்டைத் தேடுவது இன்னொன்று. முதலாவதை மட்டும் செய்தால் தொலைந்தது தெரியும், பதியாமலே கிடப்பது தெரியாது. எண் அழிந்த பொருளுக்குப் பதிவேட்டில் புதிய சேர்க்கை எண் கொடுத்துவிடாதீர்கள். "தற்-1", "தற்-2" என்று தற்காலிக எண் கட்டுங்கள். பாதிக்கு மேல் பிறகு பழைய எண்ணோடு பொருந்திவிடும். இருப்பிடத்தை அறை-பெட்டி-தட்டு என்று மூன்றே குறியில் எழுதுங்கள்: 2-ஆ-3 என்றால் இரண்டாம் அறை, ஆ பெட்டி, மூன்றாம் தட்டு. பழைய பதிவேட்டில் திருத்தி எழுதாமல், குறிப்புப் பத்தியில் தேதியோடு இரண்டு பேர் கையெழுத்து.

கற்சிற்பமோ செப்புத் திருமேனியோ இருந்தால், 1972 தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்த சான்றிதழ் கோப்பில் இருக்கிறதா பாருங்கள். அதில் ஒட்டிய படம்தான் பூட்டுவதற்கு முன்னிருந்த நிலைக்குச் சாட்சி. ஒப்பிடும்போது பொருள் இல்லையென்றால் தேடிக்கொண்டே நாளைக் கடத்தாமல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

---

ஓலைக்கட்டு எழுதியது:

இரண்டாம் அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் அருங்காட்சியகத்தில் வேறெங்கும் கிடைக்காதது அங்கேதான் இருக்கிறது. அறுபது கட்டில் ஒரு கட்டு போனால் அதற்கு வேறு பிரதி இல்லாமலும் போகலாம்.

முதலில் ஈரப்பதமானி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மானி போதும், ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஜிப் பையில் அடைத்து ஒரு இரவு வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 69 காட்டினால் அந்த மானி 6 குறைத்துச் சொல்கிறது, மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அறைக்கு ஒன்று, வெளியே ஒன்று என்று நான்கு வாங்குங்கள்.

பூட்டிய அறையைத் திறந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்து போடத்தான் கை போகும். காலையில் அதைச் செய்யாதீர்கள். உள் மாவட்டங்களில் இந்தப் பருவத்தில் காலைக் காற்றில் ஈரம் அதிகம், பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை குறைவு. வெளி மானி உள் மானியைவிடக் குறைவாகக் காட்டும் நேரத்தில் மட்டும் திறங்கள். அதையும் ஒரே நாளில் செய்யாமல், தினம் ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்து இரண்டு வாரத்தில் கூட்டிக்கொண்டே போங்கள். ஈரம் குடித்த ஓலை சட்டென்று காய்ந்தால் நரம்போடு பிளக்கும். மரமும் அப்படியே. 65க்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை வரும். 50லிருந்து 60க்குள் நிலையாக வைத்தால் போதும், அதைவிட இறக்கப் பாடுபட வேண்டாம்.

ஓலைகளை வெயிலில் போட வேண்டாம். யார் எவ்வளவு அனுபவத்தோடு சொன்னாலும் வேண்டாம்.

கரையான்: சுவரில் உள்ள மண்கோடு முழுவதையும் சுரண்டாமல் நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் உடையுங்கள். ஐந்து நாளில் அந்த இடைவெளியை மறுபடி மூடியிருந்தால் கரையான் உயிரோடு இருக்கிறது. முழுக்கச் சுரண்டினால் அது வேறு வழி போட்டுக்கொண்டு போகும், உங்களுக்குத் தடயமும் இருக்காது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களைக் கடப்பைக் கல் துண்டுகளின் மேல் நிறுத்துங்கள். மருந்து வைக்கும்போது தரையும் சுவரும் சேரும் இடத்தில் 30 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு உள்ளே செலுத்தச் சொல்லுங்கள். உரிமம் உள்ளவரை வைத்துச் செய்யுங்கள், அதற்கு முன் அறையிலுள்ள எல்லாப் பொருளும் வெளியே போயாக வேண்டும். எந்த மருந்தையும் சுவடி மேல் அடிக்க விடாதீர்கள்.

துளைக்கும் வண்டு இருக்கிறதா என்று பார்க்க: ஒவ்வொரு கட்டையும் தூக்கி, அடியில் கருப்புத் தாளை விரித்து வைத்து, ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். பழைய துளை மட்டும் என்றால் தாள் கருப்பாகவே இருக்கும். ஊசி முனையால் தொட்டு எடுக்கும் அளவு வெளிர்மஞ்சள் பொடி குவிந்திருந்தால், துளைக்கு நேர் கீழே ஒரு சின்னக் கூம்பு மாதிரி தெரியும். உள்ளே புழு தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டைத் தனியாக எடுத்துப் பாலிதீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, டேப் ஒட்டுங்கள்.

இப்படிப் பிரித்த கட்டுகளைக் குளிரில் வைத்தால் மருந்தே இல்லாமல் புழு சாகும். மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். ஐஸ்கிரீம் கடைப் பெட்டி ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18தான் போகும், அதில் இரண்டு வாரம். நடுவில் நீண்ட நேரம் மின்வெட்டு வந்தால் நாள் கணக்கை முதலிலிருந்து எண்ணுங்கள். மெதுவாக உருகி மறுபடி உறைந்தால் புழு பிழைத்துவிடலாம். எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்கக்கூடாது. வியர்ப்பது பையின் வெளியே வியர்க்கட்டும், ஓலையில் வேண்டாம். வண்ணம் தீட்டிய சுவடி, வண்ண மரச்சட்டம், யானைத் தந்தம், கண்ணாடி நெகட்டிவ் இவற்றை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

பிறகு சுத்தம். மெல்லிய அகலத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, நீளவாக்கில். ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிக்காதீர்கள், அந்தக் கட்டுக்குச் சிவப்பு நூல் கட்டி நிபுணருக்காக ஒதுக்குங்கள். கருப்பு உதிர்ந்த எழுத்தைப் படம் எடுக்கும்போது விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் கீறல் நிழல் விழுந்து வாசிக்க வரும். மை பூசுவது அதற்குப் பிறகு. எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவதாக இருந்தால் பஞ்சில் தொட்டுப் பிழிந்து, ஓலையில் மினுக்கம் தெரியாத அளவுக்கு. வழிய வழியப் பூசினால் தூசி ஒட்டி ஓலை கருக்கும்.

நைலான் கயிற்றைக் கழற்றிப் பருத்தி நூல் போடுங்கள், நைலான் துளையை அறுக்கும். சுற்றும் துணி காடாத் துணி. புதுக் காடாவில் கஞ்சி இருக்கும், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. கொதிநீரில் இரண்டு முறை துவைத்துக் கஞ்சி போன பிறகே சுற்றுங்கள்.

---

ஊர்க்காப்பகம் எழுதியது:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறு வேலையை ஒத்திவைத்துவிட்டோம். மூன்று சந்தேகம்.

ஒன்று, வசம்புப் பொட்டலம் வைக்கலாமா? இரண்டு, வாள்களின் மேல் ஆரஞ்சு நிறத்தில் துருப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கின்றன. சில காசுகளில் வெளிர்பச்சைப் பொடி. புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பாகிவிடும் என்று உறுப்பினர் ஒருவர் சொல்கிறார். மூன்று, தாழி மேல் உள்ள வெள்ளைப் பொடி பூஞ்சையா?

---

ஓலைக்கட்டு எழுதியது:

வசம்பு வைக்கலாம். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணிப் பொட்டலமாக வைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அது பூச்சியை அண்டவிடாமல் விரட்டும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. அதனால் ஃப்ரீசர் வேலை முடிந்த பிறகு வையுங்கள். பொட்டலம் ஓலையைத் தொடாமல் தட்டின் மூலையில் இருக்கட்டும். மணம் போனதும், அதாவது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் மசாலாப் பொடியிலேயே வண்டு வரும்.

---

பச்சைத்துரு எழுதியது:

புளி வேண்டாம். எலுமிச்சை, விபூதி, பிராசோ எதுவும் வேண்டாம். காசின் மேலுள்ள பச்சை, கருப்புப் படலத்திலேயே பல சமயம் எழுத்தின் விளிம்பு நிற்கிறது. புளியின் அமிலம் அந்தப் படலத்தைத் தின்றால் எழுத்தும் சேர்ந்து போய், மொட்டைச் செப்புத் தகடு மிஞ்சும். அதை எந்த அரசன் காசு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் வாளிலும் காசிலும் நடந்திருப்பது பெரும்பாலும் அந்தக் கிருமிநாசினியின் வேலை. ஹைப்போகுளோரைட் சிதைந்த பின் மிஞ்சுவது சாதாரண உப்பு. மேலே ஈரப்பதமானியைச் சரிபார்க்க உப்புச் சேறு சொன்னார்களே, அதே கணக்குதான் இங்கேயும்: காற்றின் ஈரம் 75ஐத் தாண்டியதும் உப்பு நீரை இழுத்துக் கரையும். 2021 நவம்பர் போன்ற ஒரு மழை மாதத்தில் தெளிப்பானின் ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் உப்புநீராக நின்று இரும்பைத் தின்றிருக்கும். துரு "தெளித்தாற்போல்" இருப்பதாக நீங்கள் எழுதியதே அதற்கு அடையாளம்.

பெட்டிக் கண்ணாடி, மரச்சட்டம், தரை எல்லாவற்றையும் சுத்தத் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். உப்பு அங்கே இருக்கும் வரை அடுத்த மழையிலும் இதே கதைதான்.

வாள்: கைப்பிடியில் மரம், துணி, பொன் வெள்ளி வேலைப்பாடு இருந்தால் தொடாமல் நிபுணருக்கு விடுங்கள். வெறும் இரும்பு அலகு என்றால், டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுச் சுருளை உருட்டி எடுங்கள், தேய்க்கக்கூடாது. ஒரு விரற்கடை தூரத்துக்கு ஒரு பஞ்சு. உடனே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சை அதே இடத்தில் உருட்டினால் தங்கிய நீர் போய்விடும். முழுக்க உலர்ந்த பின் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மெல்லிய பூச்சு. தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், நாளடைவில் கெட்டு அமிலமாகும். இது மண்ணிலிருந்து எடுத்த இரும்புக்குப் பொருந்தாது. தாழிகளோடு கிடைத்த கத்தி, ஈட்டிமுனை இருந்தால் எதுவும் செய்யாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடிய உலர்பெட்டியில் வையுங்கள், அவ்வளவே.

காசு: வெளிர்பச்சையாக, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்து, தட்டிவிட்ட பின்னும் சில நாளில் அதே குழியில் மறுபடி வந்தால் அது குளோரைடு நோய், அதாவது உப்பிலுள்ள குளோரைடு செம்பை அரிப்பது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும் நோயல்ல, ஈரம் கிடைக்கும் இடமெல்லாம் தானே வளரும். ஈரத்தை 40க்குக் கீழ் இறக்கினால் அடங்கும். மூடி இறுக்கமான பாலிபுரோப்பிலீன் டப்பா, லிட்டருக்கு 20 கிராம் சிலிக்கா ஜெல். ஐந்து லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம். ஜெல்லைத் துளையிட்ட பையில் போட்டு மூலையில் வையுங்கள், காசு மேல் கொட்டாதீர்கள். நீல ஜெல்லில் இருக்கும் கோபால்ட் உடலுக்குக் கேடு, ஆரஞ்சு வகை வாங்குங்கள். நிறம் மாறியதும் பரப்பி 110-120 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் சூடாக்கினால் திரும்பப் பயன்படும், சமையலுக்குப் புழங்காத அவனில். காசுகளைப் பி.வி.சி. ஆல்பத்தில் வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள், அந்தப் பிளாஸ்டிக்கே குளோரைடு விடும். வெள்ளிக் காசு இருந்தால் பக்கத்தில் ரப்பர் பேண்ட் கூடாது, கந்தகத்தில் கருக்கும்.

நோய் முற்றிய காசுகளின் சிகிச்சை வேதியியல் கூடத்தின் வேலை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930லேயே எஸ். பரமசிவன் பொறுப்பில் அதற்கென்று ஆய்வகம் தொடங்கி, செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டார்கள். படம், எடை, ஈர அளவு மூன்றையும் வைத்து அங்கே எழுதிக் கேளுங்கள்.

தாழி: அடிப்பாகத்தில் மட்டும் இருப்பதால் அது உப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் ஊசி முனையில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டரில் போடுங்கள். கரைந்து, உலர்ந்ததும் படிகமாகத் திரும்பினால் உப்பு. கரையாமல் மிதந்தால் பூஞ்சை. மண்ணில் புதைந்திருந்தபோது ஏறிய உப்பு, ஈரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கரைந்து வெளியே வந்து படிகமாகி மேல்தோலைத் தூக்கும். உலர் தூரிகையால் தாளில் தட்டி எடுங்கள். கழுவாதீர்கள், அதிலும் உள்ளே எலும்போ சாம்பலோ இருக்கும் தாழியை. தரையில் நேரடியாக நின்றால் தரை ஈரமும் ஏறும், மரப் பலகையும் மேலே தடித்த பாலிதீன் நுரையும் போட்டு உயர்த்துங்கள். ஒரு தாழிக்கு நான்கு பேர், கை அடியில். விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் விளிம்பு மட்டும் கையில் வரும்.

---

பேரேடு எழுதியது:

விட்டுப்போன சில.

நடுகல்லைக் கம்பித் தூரிகை, ஆசிட், வாஷிங் பவுடர் எதனாலும் தொடாதீர்கள். பாசியை நீர் தெளித்து மென்மையான நைலான் தூரிகையால், காலை நேரத்தில். எழுத்துக்குச் சுண்ணக்கட்டி தடவ வேண்டாம், பக்கவாட்டு வெளிச்சம் போதும். யாராவது மஞ்சள் குங்குமம் வைத்து வழிபட்டு வந்தால் தடுக்காமல், கல்லின் முன் ஒரு சிறு பலகைக் கல்லைப் போட்டு அதில் வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் மட்டும் கல் மேல் வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னால் கேட்பார்கள்.

புகைப்படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். சட்டத்தோடு அப்படியே ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.

பார்வையாளர்களுக்கு: சானிடைசரை வாசலுக்கு வெளியே வையுங்கள், சொட்டு விழும் இடத்தில் ஒரு தட்டோடு. அக்ரிலிக் தடுப்பு போட்டிருந்தால் ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், மயிரிழை வெடிப்பு விடும். சோப்பு நீர் போதும். பழைய பாலிஷ் மரத்திலும் ஆல்கஹால் வெள்ளைத் தடம் விடும். மரக்கால், படியைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள், அதற்குச் சந்தையில் ஒரு புதுப் படியும் உழக்கும் வாங்கித் தனியே வைத்துவிடுங்கள். ஓலை, பத்திரம், புகைப்படம் இருக்கும் பெட்டிக்கு வெளிச்சம் 50 லக்ஸ். செல்போன் செயலியில் ஏறத்தாழத் தெரியும்.

பத்து வாரத்தில் மூன்று அறையும் முடியாது. முதல் அறையையும் முற்றத்தையும் மே 18ல் திறங்கள். இரண்டாம் அறையின் கதவில் கண்ணாடி போட்டு, உள்ளே நடக்கும் வேலையை வெளியிலிருந்து பார்க்க விடுங்கள். மூன்றாம் அறை ஆடியில். அந்தப் பத்து பேரில் எழுத்து நன்றாக இருக்கும் இருவரைப் பதிவேட்டுக்கும், ஓடு ஏறத் தெரிந்தவரைக் கூரைக்கும் இந்த வாரமே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசிக்கு முன் கூரையை இன்னொரு முறை ஏறிப் பார்க்க அதே ஆளை இப்போதே சொல்லி வையுங்கள்.